ஏசி கான்ட்ராக்டரின் கடவுச்சொல்

2013 டிசம்பர் 19. கிறிஸ்துமஸ் விற்பனை உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 15க்கும் இடையில் அதன் கடைகளில் தேய்க்கப்பட்ட ஏறத்தாழ 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டுகளின் விவரங்கள் திருடு போயிருந்தன. அடுத்த மாதம் இன்னொரு கணக்கும் வெளியே வந்தது. 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற விவரங்களும் போயிருந்தன. 2014 மே மாதம் தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2017இல் 47 மாநில அரசுகளுடன் 1 கோடியே 85 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

திருடர்கள் டார்கெட்டின் வாசலை உடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஃபாசியோ மெக்கானிக்கல் சர்வீசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. கடைகளின் குளிர்பதனப் பெட்டிகளையும் ஏசி கருவிகளையும் பராமரிப்பது அதன் தொழில். டார்கெட் அதற்குக் கொடுத்திருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் திருடர்கள் கையில் சிக்கின. அவற்றை வைத்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

செய்தி வெளியானதும் ஏசி கருவியின் வழியாகவே நுழைந்துவிட்டார்கள் என்று பலரும் எழுதினார்கள். கேட்பதற்குச் சுவையான கதைதான், ஆனால் நடந்தது அதுவல்ல. டார்கெட்டின் ஏசியையோ குளிர்பதனப் பெட்டிகளையோ தாங்கள் தொலைவிலிருந்து இயக்குவதே இல்லை என்று ஃபாசியோ அறிக்கை விட்டது. மின்னணு முறையில் பில் அனுப்புவது, ஒப்பந்த ஆவணங்களைச் சமர்ப்பிப்பது, வேலைத் திட்டங்களைக் கவனிப்பது ஆகிய மூன்றுக்கு மட்டுமே அந்த இணைப்பு என்றது. உண்மை இவ்வளவு சாதாரணமானது என்பதுதான் என்னை அதிகம் கலவரப்படுத்துகிறது. பில் அனுப்பக் கொடுத்த லாகின், கல்லாப்பெட்டியின் அருகே போய்ச் சேரும்படி ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிகள் அமைந்திருந்தன. முக்கியமான பகுதிகளை மற்றவற்றிலிருந்து சரியாகப் பிரித்துவைக்க டார்கெட் தவறியதாகத் தெரிகிறது என்று, அமெரிக்க செனட் குழு ஒன்றின் அலுவலர்கள் 2014 மார்ச்சில் தந்த அறிக்கை சொன்னது.

உள்ளே வந்த ஒருவர் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? கணினி அறிவியலில் இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கட்டடப் பராமரிப்பு மென்பொருள் அதைப் படிக்க நல்ல இடம். ராணுவ ரகசியமோ வங்கிப் பெட்டகமோ அங்கே இல்லை. இருப்பது ஒழுகும் குழாயும் அதைச் சரிசெய்ய வருகிறவரும் அவருக்குப் பணம் கொடுப்பவரும்தான். ஆனாலும் கேள்வியின் சிக்கல் முழுவதும் அங்கே இருக்கிறது.

எல்லாப் பராமரிப்பு மென்பொருளுக்கும் நடுவில் இருப்பது வொர்க் ஆர்டர் எனும் வேலைச் சீட்டு. குடியிருப்பவர் புகார் பதிகிறார், மேலாளர் அதைப் பார்த்து ஒரு தொழிலாளியிடமோ கான்ட்ராக்டரிடமோ ஒப்படைக்கிறார். வேலை முடிந்ததும் யாரோ ஒருவர் சரிபார்த்து மூடுகிறார். பில் வருகிறது, கணக்காளர் பணம் அனுப்புகிறார், ஆண்டு முடிவில் தணிக்கையாளர் புரட்டிப் பார்க்கிறார். மைகேட் போன்ற செயலிகள் புழங்கும் சென்னை அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு இதன் ஒரு பகுதி பழக்கமானது. ஐபிஎம்மின் மேக்சிமோ போன்ற பெரிய மென்பொருள்கள் இதையே தொழிற்சாலை அளவிலும் விமான நிலைய அளவிலும் செய்கின்றன. ஒரே வொர்க் ஆர்டரை ஆறேழு பேர் தொடுகிறார்கள். ஒவ்வொருவரும் தொட வேண்டிய இடம் வேறு.

இதை முதலில் ஒரு படமாக வரைந்து காட்டியவர் கணினி அறிவியலாளர் பட்லர் லாம்ப்சன். 1971இல் அவர் எழுதிய கட்டுரையில் பாதுகாப்பை ஓர் அட்டவணையாகக் கண்டார். கிடைவரிசை ஒவ்வொன்றும் ஓர் ஆள் அல்லது ஒரு நிரல். நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு பொருள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆள் அந்தப் பொருளை என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கும்: படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம், அல்லது எதுவும் கூடாது. அட்டவணையை நெடுக்கில் நறுக்கினால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் கிடைக்கும். குறுக்கில் நறுக்கினால் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சாவிக்கொத்து கிடைக்கும். அதன் பிறகு வந்த கணினிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டின் கலவையையோ செய்கின்றன. யுனிக்ஸ் சிக்கனமான வழியைப் பிடித்தது. உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று வகை ஆட்கள். படித்தல், எழுதுதல், இயக்குதல் என்று மூன்று வகைச் செயல்கள். ஆக ஒரு கோப்புக்கு ஒன்பது பிட்டுகள். இன்றும் உங்கள் கைபேசிக்குள் அந்த ஒன்பது பிட்டுகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

ஆனால் லாம்ப்சனின் அட்டவணையை ஒரு குடியிருப்புக்கு நேராகப் போட்டுப் பாருங்கள். குடியிருப்பவர்கள், ஊழியர்கள், கான்ட்ராக்டர்கள் எல்லோரும் சேர்ந்து 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளில் செய்யக்கூடிய செயல்கள் 60. கட்டங்கள் 60,000. ஒரு வாடகைதாரர் காலி செய்து இன்னொருவர் வந்தால் 60 கட்டங்களை அழித்து 60 கட்டங்களை எழுத வேண்டும். இதை யாரும் செய்ய மாட்டார்கள். “பழைய பிளம்பருக்கு என்னென்ன இருந்ததோ அதையே புதியவருக்கும் கொடுத்துவிடு” என்பார்கள். பழையவர் பத்து வருடத்தில் சேர்த்துவைத்த வேண்டாத அனுமதிகளும் புதியவருக்குச் சீதனமாகப் போகும்.

அந்தக் காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் அமெரிக்க ராணுவம். அதனால் கோட்பாடும் ராணுவச் சீருடையில்தான் வந்தது. 1973இல் டேவிட் பெல், லியோனார்ட் லபடூலா இருவரும் வகுத்த மாதிரியில் ஆவணங்களுக்கும் ஆட்களுக்கும் அடுக்குகள் உண்டு: சாதாரணம், ரகசியம், அதிரகசியம். மேல் அடுக்கில் இருப்பதைக் கீழ் அடுக்கில் உள்ளவர் படிக்கக் கூடாது. மேலே படித்ததைக் கீழே எழுதிவைக்கவும் கூடாது. படைத்தலைமையகத்துக்கு இது பொருந்தும். கட்டட மேலாளருக்கு இதனால் என்ன பயன்? பிளம்பர் கணக்காளருக்கு மேலா கீழா? இருவரும் வேறு வேறு வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான்.

1987இல் டேவிட் கிளார்க், டேவிட் வில்சன் இருவரும் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். கிளார்க் எம்ஐடியில் இணைய ஆராய்ச்சியாளர். வில்சன் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் இருந்தவர். அந்தச் சேர்க்கையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ராணுவத்தின் கவலை ரகசியம் வெளியே போய்விடுமோ என்பது. வணிகத்தின் கவலை கணக்கில் பொய் நுழைந்துவிடுமோ என்பது. இரண்டாவது கவலைக்கு மருந்தைக் கணக்குப் பிள்ளைகள் கணினி பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள்: ஒரே கை பொருளை வாங்கவும், வந்துவிட்டது என்று கையெழுத்துப் போடவும், பணம் கொடுக்கவும் கூடாது.

இதை ஒரு கட்டடத்தில் வைத்துப் பார்ப்போம். மொட்டைமாடித் தொட்டியில் கசிவு என்று ஒருவர் புகார் பதிகிறார். அவரே அதை ஒரு கான்ட்ராக்டருக்கு ஒதுக்குகிறார். அவரே வேலை முடிந்தது என்று மூடுகிறார். அவரே பில்லுக்கு ஒப்புதல் தருகிறார். நான்கு செயலையும் அனுமதிக்கும் மென்பொருளில், கசியாத தொட்டிக்கும் நிஜத்தில் இல்லாத கான்ட்ராக்டருக்கும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். கணினி எந்தத் தவறையும் காணாது. ஒவ்வொரு செயலும் தனித்தனியே பார்த்தால் அனுமதிக்கப்பட்டதுதான். நான்கு அனுமதிகள் ஒரே பெயரின் கீழ் கூடிவிட்டன, அதுதான் கோளாறு. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975இல் எழுதிய, இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் படிக்கும் கட்டுரை, வங்கி லாக்கரைப் போல இரண்டு சாவியும் இரண்டு கையும் வேண்டும் என்ற கருத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தது. அதே கட்டுரைதான் இன்னொரு விதியையும் நிலைநிறுத்தியது: எந்த நிரலுக்கும் எந்தப் பயனருக்கும் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அனுமதி மட்டுமே இருக்க வேண்டும். டார்கெட் கதை நடந்தது இந்த விதி அச்சாகி 38 ஆண்டுகள் கழித்து.

விதி இருந்தது. அதை ஆயிரம் பேருக்குச் சலிக்காமல் செயல்படுத்தும் வழி இல்லாமல் இருந்தது. 1992 அக்டோபரில் பால்டிமோரில் நடந்த தேசியக் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் டேவிட் ஃபெரைலோ, ரிச்சர்ட் கூன் என்ற இருவர் ஒரு கட்டுரை படித்தார்கள். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் சொன்னது ஒரே வரியில் அடங்கும்: அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, பொறுப்புக்குக் கொடு, ஆளைப் பொறுப்பில் உட்கார வை. நடுவில் ஒரு படி வைத்ததும் கணக்கு தலைகீழாகிறது. முன்பு சொன்ன குடியிருப்பில் எட்டுப் பொறுப்புகள் போதும் என்றால், 8 பெருக்கல் 60, அதாவது 480 கட்டங்களை யோசித்து நிரப்ப வேண்டும். அதன் மேல் 1,000 பேருக்கு ஆளுக்கொரு பொறுப்பு. 60,000 கட்டம் 1,480 ஆகிவிடுகிறது. அதைவிடப் பெரிய லாபம், அந்த 480 கட்டங்களும் அடிக்கடி மாறுவதில்லை. பிளம்பர் வருவார், போவார். பிளம்பரின் வேலை அப்படியே இருக்கும். ஒருவர் விலகினால் ஒரே ஒரு இணைப்பை அறுத்தால் போதும்.

1996இல் ரவி சாந்துவும் மூன்று சகாக்களும் இதை ஒழுங்கான கணித மாதிரியாக வகுத்தார்கள். 2004இல் அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. சாந்துவின் மாதிரியில் பொறுப்புகளுக்குள் படிநிலை உண்டு. தலைமை மேற்பார்வையாளர் என்றால் மேற்பார்வையாளரின் அனுமதிகள் தாமாகவே வந்துவிடும். கிளார்க்கும் வில்சனும் கேட்ட தடுப்பும் அந்தத் தரத்தில் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று கண்டிப்பானது: கணக்காளர் பொறுப்பில் இருப்பவருக்கு மேலாளர் பொறுப்பை எக்காலத்திலும் கொடுக்க முடியாது. இன்னொன்று நெகிழ்வானது: இரண்டும் இருக்கலாம், ஆனால் ஒரே அமர்வில் இரண்டையும் அணிந்துகொள்ள முடியாது.

காகிதத்தில் முதலாவது அழகாக இருக்கும். நடைமுறையில் இருபது வீடு உள்ள ஒரு சங்கத்தில் கூட்டத்துக்கு வருவதே நான்கு பேர். செயலாளர்தான் பொருளாளர், பொருளாளர்தான் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுப்பவர். அங்கே கண்டிப்பான தடுப்பைப் போட்டால், மறுநாளே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வார்கள். இருந்த பாதுகாப்பும் போய்விடும். அத்தகைய இடத்துக்குத் தடுப்பைப் பில்லோடு கட்டுவதுதான் சரி என்பது என் கருத்து. அந்த நான்கு பேருக்கும் எல்லா அனுமதியும் இருக்கட்டும், ஆனால் ஒரு பில்லைப் பதிந்தவர் அதே பில்லுக்கு ஒப்புதல் தர முடியாது. தொகைக்கும் வரம்பு வைக்கலாம். மேக்சிமோவில் ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு தொகை வரைதான் ஒப்புதல் தரலாம் என்று எழுதிவைக்க இடம் உண்டு. வரம்பு 50,000 என்றால் 80,000 ரூபாய் வேலை 40,000 ரூபாய் வேலைகள் இரண்டாக வந்து நிற்கும் என்பது எந்தக் கணக்காளருக்கும் தெரியும். அதைப் பிடிக்க அனுமதி போதாது, கண் வேண்டும்.

பொறுப்பு என்ற கருத்து தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. குடியிருப்பவர் என்ற பொறுப்புக்கு ‘பில்லைப் பார்க்கலாம்’ என்ற அனுமதி உண்டு. யாருடைய பில்லை? பொறுப்பு அதைச் சொல்வதில்லை. முகவரிப் பட்டையில் வீட்டு எண் 204 என்று இருப்பதை 205 என்று மாற்றி என்டர் தட்டினால் பக்கத்து வீட்டின் பாக்கி திரையில் வந்து நிற்கும் மென்பொருள்கள் உண்டு. பயனர் லாகின் செய்திருக்கிறார், பில் பார்க்கும் அனுமதியும் இருக்கிறது. நிரல் இரண்டையும் சரிபார்த்தது. அந்த வீட்டுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்க மறந்தது. இணையப் பாதுகாப்புக் கோளாறுகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில், இந்த வகை அனுமதிக் கோளாறு 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021இல் முதல் இடத்துக்கு வந்துவிட்டது.

இதன் மூதாதை 1970களிலேயே இருந்தது. கலிபோர்னியாவில் டைம்ஷேர் என்ற நிறுவனம் தன் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. அங்கே ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை: பயன்பாட்டுப் புள்ளிவிவரம் எழுதுவதற்காக, நிறுவனத்தின் சொந்தக் கோப்பகத்தில் எழுதலாம். வாடிக்கையாளர்களின் பில் கோப்பும் அதே கோப்பகத்தில்தான் இருந்தது. பிழைதிருத்தத் தகவல்களை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று கம்பைலரிடம் சொல்லும் வசதி பயனருக்கு இருந்தது. யாரோ ஒருவர் பில் கோப்பின் பெயரைச் சொன்னார். கம்பைலர் பணிவாக அதன் மேலேயே எழுதிவிட்டது. பயனருக்கு அந்தக் கோப்பைத் தொட அனுமதி இல்லை, கம்பைலருக்கு இருந்தது. யாருக்காக வேலை செய்கிறோம், யாருடைய அதிகாரத்தில் செய்கிறோம் என்ற இரண்டும் அந்த நிரலுக்குள் குழம்பிவிட்டன. 1988இல் நார்ம் ஹார்டி இந்தக் கதையை எழுதியபோது அதற்குக் குழம்பிய பிரதிநிதி என்று பெயர் வைத்தார். இன்றைய மென்பொருளில் அறிக்கை தயாரிக்கும் நிரல், மின்னஞ்சல் அனுப்பும் நிரல், தரவைப் பிரதி எடுக்கும் நிரல் எல்லாம் பெரும்பாலும் எல்லாவற்றையும் படிக்கும் அனுமதியோடுதான் ஓடுகின்றன.

சரி, கவனமாக எழுதினால் எல்லாவற்றையும் அடைத்துவிடலாமே? இங்கேதான் கணிதம் கையை விரிக்கிறது. 1976இல் மைக்கேல் ஹாரிசன், வால்டர் ருஸ்ஸோ, ஜெஃப்ரி உல்மன் மூவரும் லாம்ப்சனின் அட்டவணையை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். அட்டவணையின் இன்றைய நிலை தெரியும். யார் எந்தச் சூழலில் அதை மாற்றலாம் என்ற விதிகளும் தெரியும். இந்த ஆளுக்கு இந்த அனுமதி என்றைக்காவது போய்ச் சேருமா சேராதா என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பொதுவான வழிமுறை உண்டா? கிடையாது என்று நிறுவினார்கள். நேரம் போதாது, கணினிக்கு வேகம் போதாது என்பதெல்லாம் காரணமில்லை. அப்படி ஒரு வழிமுறை இருக்கவே முடியாது. அட்டவணையின் கட்டங்களையே நாடாவாகவும், விதிகளையே இயக்கமாகவும் கொண்டு, ஆலன் டூரிங் 1936இல் கற்பனை செய்த இயந்திரத்தை அதற்குள் கட்டிக் காட்டினார்கள். டூரிங்கின் இயந்திரம் நிற்குமா நிற்காதா என்பதை எல்லா நேரத்திலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றால், இதையும் சொல்ல முடியாது.

பயந்துவிட வேண்டாம். அந்த முடிவு கட்டுப்பாடே இல்லாத அமைப்புகளுக்குப் பொருந்துவது. ஒவ்வொரு விதியும் ஒரு சிறு மாற்றத்தை மட்டுமே செய்யும் என்று கட்டுப்படுத்தினால் பதில் கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் அதே கட்டுரை காட்டியது. அட்மின் ஒருவர் மட்டும் பொறுப்புகளை மாற்றும் மென்பொருளில் பதில் கண்ணெதிரே இருக்கும். சிக்கல் வசதிகள் கூடக் கூடத்தான் வருகிறது. கான்ட்ராக்டர் தன் ஆட்களைத் தானே சேர்த்துக்கொள்ளலாம், மேலாளர் விடுப்பில் போகும்போது தன் அனுமதிகளைக் கடன் கொடுக்கலாம், கிளை அலுவலகம் புதிய பொறுப்பை உருவாக்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது, யாரிடம் எது போய்ச் சேரும் என்று சொல்வது கடினமாகிக்கொண்டே போகும். விற்பனைப் பிரசுரங்கள் இவற்றைச் சிறப்பம்சம் என்று அச்சிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அட்மின் இருக்கிறார். 2013 மே மாதம் பில்லி ரியோஸ், டெர்ரி மெக்கார்க்கல் என்ற இரண்டு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள், சிட்னியில் கூகுள் அலுவலகம் இருந்த வார்ஃப் 7 கட்டடத்தின் நிர்வாக அமைப்பு இணையத்தில் திறந்து கிடப்பதைக் கண்டார்கள். பழைய பதிப்பு, திருத்தங்கள் போடப்படாதது. அட்மின் கடவுச்சொல்லை எடுத்துப் பார்த்தால், ‘யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர். மாடி வரைபடங்களும் தண்ணீர்க் குழாய்கள் போகும் வழியும் திரையில் விரிந்தன. இருவரும் எதையும் இயக்காமல் கூகுளுக்குச் சொன்னார்கள், இணைப்பு துண்டிக்கப்பட்டது. பொறுப்புகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் அட்மின் கதவு இப்படி இருந்தால் அந்த உழைப்பு முழுவதும் வீண்.

இப்போது புதிய தலைமுறை மென்பொருள்கள் பொறுப்போடு நிற்பதில்லை. இருபது கட்டடம் உள்ள நிறுவனத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிப் பொறுப்பு என்று போனால் எட்டுப் பொறுப்புகள் 160 ஆகிவிடும். அதற்குப் பதில் நிபந்தனையாக எழுதுகிறார்கள்: கேட்பவர் தொழிலாளி, வொர்க் ஆர்டர் அவர் பெயரில் இருக்கிறது, இன்னும் மூடப்படவில்லை, நேரம் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இடையில், இத்தனையும் பொருந்தினால் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைக் காட்டு. வேலை முடிந்த நொடியில் எண் மறைந்துவிடும், யாரும் எதையும் திரும்பப் பறிக்க வேண்டியதில்லை. நிஸ்ட் இந்த முறைக்கான வழிகாட்டியை 2014 ஜனவரியில் வெளியிட்டது.

இதற்கும் ஒரு விலை உண்டு. “என் தொலைபேசி எண்ணை யார் யார் பார்க்க முடியும்?” என்று ஒரு குடியிருப்பவர் கேட்டால், பொறுப்பு முறையில் ஒரு பட்டியலை நீட்டலாம். நிபந்தனை முறையில் பதில் மணிக்கு மணி மாறும். பார்க்க முடிந்தவர்கள் யார் என்று சொல்ல முடியாதபோது, பார்த்தவர்கள் யார் என்றாவது சொல்ல முடிய வேண்டும். அதனால் ஒவ்வொரு பார்வையையும் நேரத்தோடும் பெயரோடும் குறித்துவைக்கும் பதிவேடு வேண்டும். அந்தப் பதிவேட்டை அட்மின் திருத்த முடியும் என்றால் அது பதிவேடே இல்லை. எனவே அதை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கணினிக்கும் ஓர் அட்மின் உண்டு. அவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.